வரிக்கு நிபுணர், கூலிக்குத் தம்பி

லோகோ வரைந்தோ, விளம்பர வாசகம் எழுதியோ பிழைக்கும் ஃப்ரீலான்ஸருக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை என்று தெரிய வேண்டுமா? அவர் கொடுத்த பில்லைப் பாருங்கள். 60,000 ரூபாய்க்குப் பில் போன கணமே அவர் 'தொழில்முறை நிபுணர்'. டாக்டர், வக்கீல் வரிசையில் நிற்கவைத்து 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள். மீதி 54,000 எங்கே என்று மூன்று மாதம் கழித்துப் போன் போட்டால் பட்டம் பறிபோகும். "எம்.டி. வெளியூர்ல இருக்காரு தம்பி. ஆடி முடியட்டும், பார்க்கலாம்."

ஆடிக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதீர்கள், திமிர் பிடித்தவர் என்று பெயராகிவிடும். இதே எம்.டி. வேலை நடந்தபோது எந்த ஊருக்கும் போகவில்லை. இரவு பதினொன்றரைக்கு "லோகோவ இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். சரி, பிடித்த 6,000-ஐயாவது அரசுக்குக் கட்டினார்களா? 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் அங்கேயும் பூஜ்ஜியம்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள் இன்னும் பெரிய பாக்கியசாலிகள். பில் போட்டால் அடுத்த மாதமே 18 சதவீதத்தைக் கட்ட வேண்டும். காசு கைக்கு வந்ததா என்று அரசு கேட்காது. தாமதமானால் வட்டியை மட்டும் கேட்கும், அதுவும் ஆண்டுக்கு 18 சதவீதம். நமக்குச் சல்லிக்காசு தராத கம்பெனியோ, நாம் கட்டிய வரியைத் தன் கணக்கில் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளும். 180 நாள் வரை நமக்குப் பட்டை நாமம் போட்டாலும் அந்த வரவுக்குப் பங்கம் வராது. வட்டியில்லாக் கடன் தரும் இந்த வங்கியை ரிசர்வ் வங்கி அறியாது. அது சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீட்டில், ஈஎம்ஐ முடியாத லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப் புத்தகம் இல்லாமல் வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் சலுகை உண்டே என்பார் ஆடிட்டர். உண்டுதான். அதற்குரிய தொழில்களின் பட்டியலில் சினிமாவுக்குப் பாட்டு, கதை, வசனம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகைக்குக் கதை எழுதுபவரும் அந்தக் கதைக்குப் படம் வரைபவரும் இல்லை. எழுத்து திரையில் ஓடினால் தொழில், தாளில் கிடந்தால் பொழுதுபோக்கு போலிருக்கிறது!

நம்மைக் காக்கச் சட்டமே இல்லை என்று புலம்ப முடியாது. உத்யம் பதிவு வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. புகார் கொடுக்க இணையதளமே இருக்கிறது. கொடுத்தால் பாக்கி வரலாம், அடுத்த வேலை வராது. 'கேஸ் போடுற பார்ட்டி' என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவ ஒரு சாயங்காலம் போதும்.

சினிமாவில் சம்பள பாக்கி என்றால் தட்டிக் கேட்க பெப்சி என்ற தொழிலாளர் சம்மேளனம் இருக்கிறது. நமக்கு இருப்பது வாட்ஸ்அப் குழு. காலையில் குட்மார்னிங் ரோஜா, மாலையில் "இந்தக் கம்பெனி காசு கொடுக்குமா?" என்று ஒரு அப்பாவியின் கேள்வி. குழுவில் கப்சிப். தனியாக மட்டும் ஒரு மெசேஜ் வரும்: "எனக்கும் ஒரு வருஷமா தரல ப்ரோ. வெளிய சொல்லிடாதீங்க." அதே ப்ரோ மறுநாள் அதே கம்பெனிக்கு நம் ரேட்டில் பாதிக்குக் கொட்டேஷன் அனுப்பியிருப்பார். ஏமாற்றியவனின் மானத்தை ஏமாந்தவர்களே கூடிக் காப்பாற்றும் தொழில் வேறு எங்காவது உண்டா?

கம்பெனிகளின் துணிச்சலுக்கு முதலீடு போட்டவர்கள் நாம்தான். குறைந்தபட்ச ரேட்டைப் பொதுவில் எழுதி வைப்போம். பாக்கிக்காரர்கள் மீது தனித்தனியாகப் பயந்து சாகாமல் பத்துப் பேர் ஒரே நாளில் புகார் கொடுப்போம். பழைய கணக்கு தீரும்வரை அங்கே யாரும் ஒரு கோடுகூடப் போடுவதில்லை என்று நிற்போம். அதற்குத் துப்பில்லையென்றால் சமூகம், குடும்பம் என்று குழுவுக்குப் பெயர் வைப்பதையாவது நிறுத்துவோம். ஒரே ஆளிடம் ஏமாற வரிசையில் நிற்பவர்களுக்குப் பெயர் எதற்கு, டோக்கன் போதுமே.