டாலரைச் சுற்றிக் காவல்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகளில் கட்டளைகளைவிட மேற்கோள் குறிகளே அதிகம். இரட்டைக் குறிக்குள் டாலர் போட்டால் வேரியபிளின் மதிப்பு வந்து உட்காரும். ஒற்றைக் குறிக்குள் போட்டால் டாலர் வெறும் டாலராகவே நிற்கும். 'ஆக்' கட்டளை வரிக்கு நடுவே ஒரு தேதியை நுழைக்க வேண்டுமா? ஒற்றையை மூடு, இரட்டையைத் திற, டாலரைப் போடு, இரட்டையை மூடு, மறுபடி ஒற்றையைத் திற. எங்கள் டீம் லீடர் இதில் மடி ஆசாரம் பார்ப்பவர். "டாலரைச் சுத்திக் கோட் போட்டியாப்பா?" என்று கேட்காமல் எதையும் சர்வர் பக்கம் விடமாட்டார். வீண் கெடுபிடி என்று டீக்கடையில் சிரிப்போம்.

2001 நவம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2.0 வந்தது. அதன் இன்ஸ்டாலர் ஸ்கிரிப்டில் பழைய பதிப்பை அழிக்கும் வரியில், டிஸ்க் பெயரைத் தாங்கிய வேரியபிளுக்குக் கோட் இல்லை. பெயரில் ஸ்பேஸ் இருந்தால் ஷெல் அதை இரண்டாக நறுக்கும். சிலருக்குப் பாட்டுப் பெட்டியோடு டிஸ்கும் காலி. அவசரமாக 2.0.1 வந்தது. டீம் லீடர் ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தியைப் பிரிண்ட் எடுத்து டீ மெஷினுக்கு மேலே ஒட்டினார், அவ்வளவுதான்.

இப்போது எல்லாம் சுகம். 2016-இல் பைதான் 3.6 எஃப்-ஸ்ட்ரிங்கைக் கொடுத்தது. முன்னால் ஓர் எஃப், நடுவில் நெளிவு அடைப்பு, வேலை முடிந்தது. பையன்கள் ஒரே வரியில் கட்டளையைக் கட்டி ஷெல்லிடம் தள்ளுகிறார்கள். வாடிக்கையாளர் பெயர் 'அண்ட் சன்ஸ்' என்று முடிந்து, அந்த 'அண்ட்' குறியாகவே இருந்தால் ஷெல் முன்பாதியைப் பின்னணியில் ஓட்டிவிட்டு, 'சன்ஸ்' என்றொரு புரோகிராமைத் தேடிக் கிடைக்கவில்லையே என்று கைவிரிக்கிறது. அப்பா ஓடுகிறார், பிள்ளைகளைக் காணோம்.

இதற்கு நவீன வைத்தியம் என்ன தெரியுமா? நுழைக்காதே! ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக லிஸ்டில் கொடு, ஷெல்லை இழுக்காதே. 1971-இன் முதல் யூனிக்ஸ் கையேட்டில் இருக்கும் எக்ஸெக் செய்ததும் இதையேதான். 1979-இன் போர்ன் ஷெல்லுக்கே அது மூத்தது. 2025-இல் பைதான் 3.14 டி-ஸ்ட்ரிங்கையும் கொண்டுவந்திருக்கிறது. பார்க்க எஃப்-ஸ்ட்ரிங் மாதிரியே இருக்கும்; ஆனால் மதிப்பை ஒட்டாமல் தனியே வைத்திருக்கும். ஒட்டுவதற்கு ஓர் எழுத்து, ஒட்டாமலிருக்க இன்னோர் எழுத்து.

போன வாரம் ஒரு பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஃபைல் பேர்ல போய் யார் சார் ஸ்பேஸ் வைப்பாங்க?" என்றான். அவன் திரையில் திறந்திருந்தது 'ஃபைனல் ரிப்போர்ட் புதுசு (2)'.