குதிரை ஓட்டத் தெரியுமா?

நடிக்க வருகிறவர்கள் என்னென்ன புத்தகம் படிக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். சீரியலில் பெண் வீட்டுச் சித்தப்பா, சினிமாவில் ரெஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா, விளம்பரத்தில் மூட்டுவலித் தாத்தா என்று காலத்தை ஓட்டியவனுக்கு இது பெரிய மரியாதைதான். நான் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய நாட்களில் என்ன படித்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. "குதிரை ஓட்டத் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள். தெரியும் என்று சொல்ல வேண்டும் என்பது, வாய்ப்புத் தேடி வந்தவர்கள் தங்கியிருந்த சென்னை சாலிகிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். குதிரை வரும் காட்சிக்கு எங்களைக் கூப்பிடப் போவதில்லை என்பதும் தெரியும்.

1990களின் தொடக்கம் அது. அப்போது நடிகனுக்கு உபயோகமான புத்தகம் என்றால் ஆல்பம்தான். நேர்முகம், பக்கவாட்டு, சிரிப்பு, கோபம், வேட்டி, கோட்டு என்று ஆறேழு பக்கம். கோட்டு போட்டோ ஸ்டூடியோவுக்குச் சொந்தம். எங்கள் மொட்டைமாடி அறையில் இருந்த அத்தனை பேரும் அதே கோட்டில்தான் பணக்காரர்களாக நின்றோம். ஆல்பங்களைப் புரட்டிய உதவி இயக்குநர்களுக்கு எங்கள் முகங்கள் மறந்திருக்கலாம், அந்தக் கோட்டு மறந்திருக்காது.

அறையில் இருந்த இன்னொரு புத்தகம் ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியுடையது. 'ஆன் ஆக்டர் ப்ரிப்பேர்ஸ்' என்ற ஆங்கில நூலின் ஜெராக்ஸ், ஸ்பைரல் போட்டது. கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் பக்கம் போய்வந்துகொண்டிருந்த யாரோ ஒருவரிடம் தொடங்கி, கைமாறிக் கைமாறி, முதல் அத்தியாயத்தை வழியில் தொலைத்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்த ஒருவன் ராத்திரியில் வாசித்துத் தமிழில் சொல்வான். டோர்ட்சோவ் என்ற வாத்தியார், கோஸ்த்யா என்ற மாணவன், அவர்கள் செய்யும் பயிற்சிகள். மரியா என்ற மாணவியைத் திரைச்சீலை மடிப்பில் ஒரு நகையைத் தேடச் சொல்லும் இடம் உண்டு. முதலில் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அமர்க்களமாகத் தேடுகிறாள். நகை எங்கே என்று கேட்டால், தேட மறந்துவிட்டேன் என்கிறாள். கிடைக்காவிட்டால் பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான் என்று சொன்ன பிறகு நிஜமாகத் தேடுகிறாள். எங்கள் அறையில் ஒருவன் இதைப் பயிற்சியாக வைத்து, மாத வாடகைப் பணத்தை ஒளித்துவிட்டு எங்களைத் தேடச் சொன்னான். நடிப்பு மிக இயல்பாக அமைந்தது. பணம் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த நூலுக்கே ஒரு துணை நடிகனின் ஜாதகம். உள்ளப் பயிற்சியும் உடற்பயிற்சியும் சேர்ந்த ஒரே படிப்பாகத்தான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைத் திட்டமிட்டார். ஆங்கிலத்தில் 1936இல் வந்தது உள்ளத்தைப் பற்றிய பாதி மட்டும். 1938இல் அவர் இறந்துபோனார், அப்புறம் உலகப்போர். குரல், உச்சரிப்பு, நடை, உடம்பு பற்றிய மறுபாதி ஆங்கிலத்தில் வந்தபோது 1949. இடைப்பட்ட 13 வருடம், பாதியையே முழுசு என்று நம்பி ஒரு தலைமுறை உள்ளுக்குள் அழுது பழகியது. சாலிகிராமத்துக்கு அந்த மறுபாதி வரவும் இல்லை, வந்திருந்தாலும் எங்களுக்குப் பயன்பட்டிருக்காது. கோடம்பாக்கத்தில் நடிப்பவன் ஒருவன், டப்பிங் தியேட்டரில் அவனுக்காகப் பேசுபவன் இன்னொருவன். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைப் பதிப்பாளர்கள் எப்படி இரண்டாகப் பிளந்தார்களோ, எங்களையும் அப்படியே பிளந்து வைத்திருந்தார்கள்.

இப்போது இரண்டு பாதியையும் சேர்த்து, ஜீன் பெனடெட்டி புதிதாக மொழிபெயர்த்த ஒரே நூல் இருக்கிறது. 2008இல் வந்தது, தலையணை கனம். என் நண்பரின் மகன் அதைப் போனில் வைத்திருக்கிறான். "படிச்சியாப்பா?" என்றேன். "சம்மரி பார்த்துட்டேன் அங்கிள், பதினோரு நிமிஷம்" என்றான். முதல் அத்தியாயம் இல்லாமல் படித்தவன் நான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கெய்ன் எழுதிய 'ஆக்டிங் இன் ஃபிலிம்' 1990இல் வந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் உறுப்பினராக இருந்த ஒரு பையன் வழியாக அதுவும் அறைக்குள் வந்தது. க்ளோசப்பில் கண் சிமிட்டாதே, எதிரில் நிற்பவரின் இரண்டு கண்களையும் மாறிமாறிப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார் என்பார் அவர். கெட்டிக்கார யோசனைகள். அறை நண்பன் ஒருவன் கண்ணாடி முன்னால் நின்று இதைக் கரைத்துக் குடித்தான். ஒரு படத்தில், கதாநாயகன் ஊருக்குள் வரும்போது வியந்து பார்க்கும் கூட்டத்தில் ஒருவனாக வாய்ப்புக் கிடைத்தது. கொளுத்தும் விளக்குகளுக்கு முன்னால், எதிரில் ஆள்கூட இல்லாத திசையில், ஒற்றைக் கண்ணைக் கற்பனை செய்துகொண்டு சிமிட்டாமல் நின்றான். கண்ணீர் கொட்டியது. "யாருய்யா அது, ஹீரோ வர்றப்ப அழறது? ஆளை மாத்து" என்று குரல் வந்தது. க்ளோசப் கிடைத்த பிறகு என்ன செய்வது என்று கெய்ன் எழுதியிருக்கிறார். கிடைக்கிற வரைக்கும் என்ன செய்வது என்பது அவர் பாடத்திட்டத்தில் இல்லை.

அதற்கான புத்தகங்கள் திருவல்லிக்கேணி நடைபாதையில் கிடந்தன. தமிழில்தான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு பழைய புத்தகத்துக்கு எங்களுக்கு அந்தப் பாதையோரம்தான் கதி. பம்மல் சம்பந்த முதலியார் ஒரு நூல் எழுதியிருக்கிறார், 'நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?' என்று. இன்றைய யூடியூப் தலைப்பு மாதிரியே இருக்கிறது, ஆச்சரியக்குறிதான் பாக்கி. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய 'நாடக மேடை நினைவுகள்'. தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்த பையன், பல்லாரியிலிருந்து வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்து மனம் மாறி, 1891இல் பதினெட்டு வயதில் சுகுண விலாச சபையைத் தொடங்குகிறார். யாருக்கு எந்த வேஷம், யார் கோபித்துக்கொண்டு போனார், ஒத்திகைக்கு யார் வரவில்லை, எந்த நாடகத்தில் எவ்வளவு நஷ்டம் என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறார். நடிப்பைப் பற்றி மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருக்கிறது. அது நடிப்பைப் பற்றிய புத்தகம் என்பதைவிட, நடிகர்களைக் கட்டி மேய்ப்பதைப் பற்றிய புத்தகம்.

அதில் அவர் தனியாகப் பாடமாக எழுதாத ஒரு சங்கதியும் உண்டு. நடிகர், ஆசிரியர், சபையின் தூண் எல்லாமாக இருந்த இந்த மனிதர், பிழைப்புக்கு வக்கீல். ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். பகலில் கோர்ட்டு, சாயங்காலம் ஒத்திகை. நடிகன் வேலையை விடக் கூடாது என்று எந்த நடிப்பு வாத்தியாரும் வகுப்பில் சொல்ல மாட்டார். சொன்னால் வகுப்புக்கு யார் வருவார்கள்? இதைப் படித்த சூட்டில்தான் நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். அறையில் இருந்தவர்களுக்கு நான் துரோகி. வாடகை கொடுத்த துரோகி என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

அவ்வை டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இன்னொரு உலகம். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில் சேர்ந்தபோது அவர் சின்னஞ்சிறு பிள்ளை. பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்கு ஒரே பயம் மகரக்கட்டு. குரல் உடைந்தால் நேற்றுவரை ராஜபார்ட் பாடியவன் இன்று கூட்டத்தில் நிற்க வேண்டும். பதினைந்து வயதுக்குள் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். 'நான் ஏன் பிறந்தேன்' எழுதிய எம்.ஜி.ஆருக்கு 1936இல் 'சதிலீலாவதி'. கதாநாயகனாக நின்றது 1947இல் 'ராஜகுமாரி'யில். நடுவில் 11 வருடம். சாலிகிராமத்தில் இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் தங்களுக்குச் சாதகமாகப் போட்டுக்கொண்டோம். இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, இன்னும் எட்டு வருடம் இருக்கிறது என்று. 12ஆம் வருடத்தைப் பற்றிய புத்தகம் எதுவும் கண்ணில் படவில்லை. அதை எழுதியிருக்க வேண்டியவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இன்றைக்கு ஆல்பம் இல்லை, போர்ட்ஃபோலியோ. கம்பெனி வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டாம். வீட்டுச் சுவர் முன்னால் நின்று செல்ஃப் டேப் எடுத்து அனுப்பினால் போதும்: பேர், வயது, உயரம், இடப்பக்கம், வலப்பக்கம், எந்தெந்தத் தேதி காலி. எல்லாத் தேதியும் காலி என்று சொல்லக் கூடாதாம், மார்க்கெட் போய்விடும். குதிரை ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை, ஃபாலோயர் எத்தனை என்று கேட்கிறார்கள். இதற்கும் தெரியும், இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவகையில் நேர்மை கூடியிருக்கிறது.

வார இறுதி நடிப்புப் பட்டறை ஒன்றில் சிறப்பு விருந்தினராகப் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளில் முழுப் பயிற்சி, சான்றிதழ் உண்டு. எனக்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை நினைவுக்கு வந்து தொலைத்தது. மாதவிக்கு ஏழாண்டுப் பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஒவ்வொருவனுக்கும் என்ன தகுதி வேண்டும், மேடை எத்தனை கோல் அகலம், திரை எத்தனை வகை என்று இளங்கோ அடுக்கிக்கொண்டே போகிறார். முடிவில் மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும். கலைஞருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தொகையை எழுதிவைத்த நூல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பட்டறையில் இதைச் சொன்னேன். ஒரு பெண் கை தூக்கி, "கழஞ்சுன்னா இப்போ எவ்ளோ வரும் சார்?" என்று கேட்டாள். அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே அதுதான் தேறியது.

நண்பரின் மகன் என்னை உட்காரவைத்து, 'நடிகர்கள் படிக்க வேண்டிய ஐந்து புத்தகங்கள்' என்று ஒரு ரீல் எடுத்தான். பம்மல், சண்முகம், எம்.ஜி.ஆர்., ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, சிலப்பதிகாரம். பம்மலின் நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன என்றும் சொன்னேன். சிலப்பதிகாரத்தைப் பிடித்திருந்த கை தெரிகிற மாதிரி இன்னொரு டேக் கேட்டான். ரீல் ஓடியது. புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் என்ன பிராண்ட் என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள்.

ஒரு காஸ்டிங் ஆபீஸிலிருந்து மட்டும் போன் வந்தது. ஓடிடி தொடரில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் பாத்திரமாம். கண்ணாடியும் முகமும் பொருத்தமாக இருக்கிறதாம்.

"வசனம் உண்டா தம்பி?"

"பேராசிரியர் கோமாவுல இருக்கார் சார். ஆனா க்ளோசப் நிறைய."

கண் மூடியிருக்கும் என்பதால் சிமிட்டுகிற பிரச்சினையும் இல்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார். கழஞ்சில் கணக்குப் போடவில்லை.

"பேமென்ட் 90 நாள் கழிச்சு வரும் சார், ஓகேவா? அப்புறம் முக்கியமா ஒண்ணு. ஃப்ளாஷ்பேக்ல நீங்க என்.சி.சி. ஆபீசர். குதிரை ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன்" என்றேன்.