பெரட்டுக்கு வராத ஆளுங்க

வாய்யா மருமவனே. கைவிட்ட மாணிக்கக் குழியில தண்ணி நெறச்சு, உடவளவையில திலாப்பியாக் குஞ்சு வாங்கி விட்டிருக்கியாம். இரத்தினபுரியில குழியிலருந்து கல்லு எடுத்துப் பணக்காரனானவன் உண்டு. நீ அதே குழிக்குள்ள காச வீசிப் பணக்காரனாகப் பாக்குற. நடக்கட்டும்.

காலையில தவிடு, மத்தியானம் மிச்சச் சோறு, அந்தியில கோழித்தீனி. உன் கல்யாணத்துல எங்களுக்கே இப்படிப் பரிமாறலப்பா. தின்னது கொஞ்சம், அடியில அழுகுறது மிச்சம். தின்ன மீனும் சும்மா இருக்குமா? செவுள் வழியாவே அமோனியாவ விடுது. கேகாலைப் பக்கம் ரப்பர் ஸ்டோருல பால் உறையாம இருக்க ஊத்துவாங்களே, அதே சரக்கு. நமக்கு மூக்குல ஏறும். மீனுக்குச் செவுள் வெந்துபோகும்.

அந்த அமோனியாவத் தின்னவே ஒரு பற்றீரியாக் கூட்டம் குழிக்குள்ள இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, பெரட்டுக்கு வராது, கங்காணிக்குப் பயப்படாது. மொத செட்டு அமோனியாவ நைத்திரைற்றாக்கும். அதுவும் விஷந்தான், மீன் ரத்தமே மண்ணிறமாயிடும். ரெண்டாஞ் செட்டு அதை நைத்திரேற்றாக்கும், பாசி உறிஞ்சிக்கும். 1890 வாக்குல வினோகிராட்ஸ்கின்னு ஒரு ரஷ்யாக்காரர் இதுகளைப் பிரிச்செடுத்தார். ரெண்டு வேலையையும் ஒரே ஆள் பாக்குறதும் உண்டுன்னு 2015லதான் கண்டாங்க; அதுல ஒண்ணு அகப்பட்டது நெதர்லாந்துல, மீன் வளர்ப்பு வடிகட்டியில. நல்லவேளை, நம்ம துரைமாருக்குச் சேதி போகல. போயிருந்தா கொழுந்தும் எடு, பாலும் வெட்டுன்னிருப்பாங்க.

1000 ரூபா நாள் சம்பளத்துக்கு நாம 2021 வரைக்கும் கத்தினோம். இதுக சல்லி கேக்கல. 1 கிராம் அமோனியா நைதரசனை முடிக்க 4½ கிராம் ஒட்சிசன், 7 கிராம் சுண்ணாம்புச் சத்து, அவ்வளவுதான். தேயிலை மண்ணோ புளிப்பு. சுண்ணாம்புக்கு எங்க போகும்? இருக்கிற ஒட்சிசனையும் உன் அழுகின தவிடு ராவெல்லாம் குடிச்சிடுது. போதாததுக்கு மேல மலையில போட்ட உரமும் மழையோட உன் குழிக்குத்தான் வருது.

உடனே ஓடிப்போய்ச் சுண்ணாம்பு மூட்டையை அவுக்காத! மீன் இருக்கிற தண்ணியில உச்சி வெயில்ல கொட்டினா பி.எச். எகிறும். 7ல இருக்கிறப்போ அமோனியாவுல 100க்கு 1 பங்குகூட விஷமா இருக்காது. நம்ம ஊரு வெக்கையில 9க்கு ஏறினா 40 பங்கு விஷம். குழி வறண்டு கெடந்தப்பவே தூவியிருக்கணும். அப்ப நீ வலைக்கு வெலை பேசிக்கிட்டிருந்த.

இந்தப் பற்றீரியாக் கூட்டம் பெருக வாரக்கணக்காகும். அதனாலதான் புதுக் குழியில குஞ்சைக் கொஞ்சமா விடச் சொல்றது. கடைக்காரன் குடுக்கிற மருந்துப் பொடிய ஆராயாம கொட்டினா இதுகளும் சேந்து செத்துடும். இப்போதைக்குத் தீனிய நிறுத்து. கால்வாசித் தண்ணிய மாத்து. பீலித் தண்ணிய உசரத்துலருந்து விழவிடு, காத்துக் கலக்கட்டும். நாலு நாள் பட்டினிக்குத் திலாப்பியா சாவாது. 1952ல கொண்டாந்து விட்டதுலருந்து இந்தத் தீவுல தானாத் தேடித் தின்னே பெருகின சாதி அது.

அள்ளுறப்போ சொல்லி அனுப்பு. உன் அத்தைக்குப் பொடி முள்ளு ஆகாது, பெரிய மீனாப் பாத்து எடுத்து வை.