இருபத்தேழு அங்குலப் பஞ்சாயத்து

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூன்று பங்காளிகள். பகலில் நான், எக்செல்லில் ஊரார் கணக்கைப் பார்ப்பது என் பிழைப்பு. சாயங்காலம் ப்ளஸ் ஒன் படிக்கும் மகன், வேலரண்ட் ஆடுவான். ராத்திரி என் மச்சான். கல்யாண போட்டோ எடுப்பவன். பழைய மானிட்டரின் நட்டநடுவில் ஒரு பச்சைக் கோடு விழுந்தபோது மூன்று பேருக்கும் மூன்று விதமான துக்கம். எனக்கு ஜிஎஸ்டி கட்டம் மறைந்தது. மகனுக்கு எதிரியின் தலை மறைந்தது. மச்சானின் தொழிலிலோ, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் கோடு விழுந்தால் அபசகுனம்.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். 'ஒன்று' என்பதோடு ஒற்றுமை முடிந்தது.

மகனுக்கு 240 ஹெர்ட்ஸ் வேண்டும். "60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் 17 மில்லி செகண்ட் நிக்கும்பா. 240-ல நாலுதான். அந்த கேப்லதான் என்னைச் சுட்டுடறானுங்க" என்றான். பால் பாக்கெட் எடுத்துவரச் சொன்னால் அரை மணி கழித்து எழுந்திருக்கும் பிள்ளை, மில்லி செகண்டில் பேசினான். கணக்கு என் தொழில் என்பதை மறந்துவிட்டான். 60-லிருந்து 144-க்குப் போனால் ஃப்ரேமுக்குப் பத்து மில்லி செகண்ட் மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் மூன்றுகூடத் தேறாது. அந்த மூன்றுக்குத்தான் விலை எகிறுகிறது.

மச்சானுக்கு டெல்டா ஈ இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். காட்ட வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள விலகல் அது. இரண்டுக்குக் கீழே போனால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். "நிறம் உள்ளது உள்ளபடி தெரியணும் மாமா" என்றான், அரிச்சந்திரன் வம்சம் போல. அவன் உள்ளது உள்ளபடி எடுத்த படத்தைப் பார்த்துப் பெண்ணின் அம்மா சொல்வது எனக்குத் தெரியும்: "தம்பி, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க." பிறகு அந்தப் படம் வாட்ஸப்பில் நசுங்கி, விரிசல் விட்ட செல்போன்களில் உறவினர் நூறு பேரைப் போய்ச் சேரும்.

என் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்: எழுத்து தெரிய வேண்டும். 27 அங்குலத்தில் 1920 x 1080 என்றால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான். ஆங்கிலம் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். தமிழ்? சின்ன எழுத்தில் ணகரத்தின் சுழிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கண்ணனா கன்னனா என்று வவுச்சரை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 2560 x 1440 என்றால் 109 புள்ளி. சுழிகள் பிரிந்து நிற்கும். 4கே இன்னும் கூர்மைதான், 163. ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 83 லட்சம் புள்ளிகளை எங்கள் கிராபிக்ஸ் கார்டு இழுக்க வேண்டும். அதற்கு அந்தத் தெம்பு இல்லை. கார்டும் மாற்றணும் என்று மகன் ஆரம்பித்தபோது நான் காது கேட்காதவனாகிவிட்டேன்.

ரிச்சி தெருவுக்குக் குடும்பத்தோடு போனோம். கடையில் எல்லாத் திரையிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி, முழு வெளிச்சத்தில். "இதெல்லாம் ஒன் மில்லி செகண்ட் சார்" என்றான் கடைப் பையன். எதெல்லாம் என்றேன். "எல்லாமே சார்." பொய்யில்லை, பெட்டிக்குப் பெட்டி அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாற எடுக்கும் நேரத்தை, மிகச் சாதகமான அமைப்பில் அளந்து போட்டிருப்பார்கள். அந்த அமைப்பிலேயே விளையாடினால் ஓடுகிறவன் பின்னால் அவன் ஆவியும் ஓடும்.

மகன் ஓஎல்இடி முன்னால் சிலையாக நின்றான். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் கறுப்பு நிஜமான கறுப்பு. விலையைப் பார்த்த என் முகமும் அதே நிறம். தவிர, அசையாத படம் நாள் முழுக்க நின்றால் அதில் தடம் பதியலாம். என் எக்செல் கட்டங்கள் நிரந்தரக் கோலமாகிவிடும். விஏ பேனல் மலிவு, கறுப்பும் நன்றாக இருக்கும். இருட்டுக் காட்சியில் உருவங்கள் இழுவிக்கொண்டு போகும் என்று மகன் தள்ளிவிட்டான். மிஞ்சியது ஐபிஎஸ். இருட்டறையில் அதன் கறுப்பு கொஞ்சம் சாம்பல்தான். எங்கள் வீட்டில் மின்சாரம் போனால் தவிர இருட்டறை கிடையாது.

இனி இரண்டு ஐபிஎஸ்ஸில் எது என்ற கேள்வி. அதுவரை வாய் திறக்காத என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்தாள். எம்.எஸ். ப்ளூ. அதே பட்டுப் புடவையில் அவள் இருக்கும் படத்தைத் தம்பியிடம் வாங்கி, பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். இரண்டு திரையிலும் போடச் சொல்லி, ரவிக்கைக்கு மேட்சிங் பார்ப்பதுபோல் துணியைப் பக்கத்தில் பிடித்தாள். முதல் திரையில் நீலம் கூச்சல் போட்டது. "இது வைட் கேமட்க்கா, அதிக நிறம் காட்டும்" என்றான் மச்சான்.

"என் புடவையில இல்லாத நிறத்தை இது எதுக்கு காட்டணும்?"

மச்சானிடம் பதில் இல்லை. மெனுவில் தேடினான். எச்பியும் மைக்ரோசாப்டும் 1996-இல் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுக்குள் திரையை அடக்கி வைக்கும் மோட் அதில் இல்லை. இரண்டாவதில் இருந்தது. அதைப் போட்டதும் புடவையும் துணியும் ராசியாகின. அவனுடைய ஆல்பம் லேப் கேட்பதும் எஸ்ஆர்ஜிபி ஃபைல்தான். கடைப் பையன் துணியைத் தொட்டுப் பார்த்து, "எங்க எடுத்தீங்க மேடம்?" என்றான்.

27 அங்குலம், 1440, ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ். எச்டிஆர் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. நானூறு நிட்ஸ் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எச்டிஆர் என்று சொல்லிக்கொள்ளத் தைரியம் வேண்டும். ஸ்டிக்கருக்கு அது இருந்தது.

மகன் ஆடிப் பார்த்துவிட்டு, "வேற லெவல்ப்பா! அந்த ஸ்மூத்னஸ் உனக்குப் புரியாது" என்றான். நண்பர்களை அழைத்துக் காட்டினான். அவர்களும் சொக்கிப்போனார்கள். மூன்றாவது வாரமோ என்னவோ, மச்சான் எதையோ தேடி டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தான். வாங்கிய நாளிலிருந்து திரை 60 ஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் பல சமயம் அப்படித்தான் விட்டுவைக்கும். நாம்தான் போய் மாற்ற வேண்டும்.

மகன் கொஞ்சமும் அசரவில்லை. "அதானே பார்த்தேன், கொஞ்சம் லேகா இருக்கேன்னு."