கப்பல் நேரமும் என் நேரமும்

எங்கள் சொந்தத்தில் யார் சொகுசுக் கப்பல் ஏறப் போனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "சித்தப்பா, எந்த ரூம் போடலாம்? என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று தஞ்சாவூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கேட்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவனுக்குக் கப்பல் பயணம் பெரிய காரியமே இல்லை. மரினா சவுத் பியர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கப்பல் முனையம் வந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பினாங்கு, புக்கெட், போர்ட் கிள்ளான் என்று நானும் மனைவியும் போய்வந்துகொண்டே இருப்பதால் எனக்கு அனுபவஸ்தன் என்று ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. நானும் குரலைக் கனமாக்கிக்கொண்டு யோசனை சொல்வேன். அத்தனையும் நல்ல யோசனைதான். அது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. போனை வைத்ததும், "அந்தக் குக்கர் கதையைச் சொன்னீங்களா?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்.

குக்கருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வாந்தி.

மலாக்கா நீரிணை சாதுவான கடல். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம். இரண்டும் காற்றுக்கு அணை கட்டி நிற்பதால் பெரிய அலை எழும்புவது அபூர்வம். அங்கே தலைசுற்றியது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதல் பயணத்தில் அறைக்குள் நுழைந்து கட்டிலில் சாய்ந்தேன். தரை ஏறி இறங்குவது நன்றாகத் தெரிந்தது. வயிற்றைப் பிரட்டியது. குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது அறையைக் கவனித்துக்கொள்ளும் பிலிப்பீன்ஸ்காரப் பையன் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். "இன்றைக்குக் கடல் ரொம்பக் கொந்தளிப்போ?" என்று கேட்டேன். முகத்தில் சிரிப்பைத் துளியும் காட்டாமல், "இன்னும் கயிறே அவிழ்க்கவில்லை சார்" என்றான்.

குமட்டல் மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். திறந்த தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பார்த்தபடி நின்றால் பாதி சரியாகிவிடும். இஞ்சி மென்றால் நல்லது. இவ்வளவும் எனக்கு இன்று தெரியும். அன்று செய்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்து, எல்லாம் வெளியே வந்த பிறகு மாத்திரையை விழுங்கியதுதான். அந்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். இரவு விருந்து, மேடையில் நடந்த நடனம், பக்கத்து மேசைக்காரர்களின் குடும்ப விவகாரம் எல்லாவற்றையும் மறுநாள் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். கப்பல் முன்னும் பின்னும் தூக்கிப் போடும்போது நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. மேல்தளங்களைவிடக் கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. ஆகவே நடுவில், கீழே. விலையும் மலிவாக இருக்கட்டும் என்று ஜன்னல் இல்லாத உள்ளறையாகவே போட்டேன். ஆட்டம் சுத்தமாக இல்லை. காலையும் இல்லை. கண் விழித்தால் கும்மிருட்டு. நடுராத்திரி போலிருக்கிறது என்று புரண்டு படுத்தேன். மறுபடியும் விழித்தேன், மறுபடியும் இருட்டு. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது ஜனங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடியற்காலையிலேயே எழுந்து போன மனைவி, "நல்லாத் தூங்குறீங்களேன்னு எழுப்பலை" என்றாள். பரிவோ பழிவாங்கலோ, இன்றுவரை விளங்கவில்லை. உள்ளறைக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பல கப்பல்களில் டிவியில் ஒரு சேனல், கப்பலின் முன்பக்கக் கேமராவில் தெரிவதை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டு இரவு முழுக்க அதை ஓடவிட்டால் பொழுது விடிவது டிவியில் தெரியும்.

அந்தச் சேனல் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. எனவே கைபேசியில் அலாரம் வைக்கத் தொடங்கினேன். சாப்பாட்டுக்கு, நாடகத்துக்கு, கரையிலிருந்து திரும்புவதற்கு என்று எல்லாவற்றுக்கும் கைபேசிதான். புக்கெட் கதை அங்கேதான் ஆரம்பம்.

1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. அதனால் தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாங்கள் போன கப்பல் தாய்லாந்துக்குப் போனாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. கப்பல் நேரம் என்பது கப்பலில் என்ன அறிவிக்கிறார்களோ அதுதான். கரையில் மணி என்ன என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கைபேசி அப்படியில்லை. தாய்லாந்துக் கோபுரத்தின் சிக்னல் கிடைத்ததும் யாரையும் கேட்காமல் தன் மணியை மாற்றிக்கொள்ளும்.

பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, சின்னப் படகுகளில்தான் கரைக்கு வந்தோம். கடைசிப் படகு நாலரைக்கு. மாம்பழமும் ஒட்டும் சோறும் தேங்காய்ப்பாலும் வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தோம். கைபேசியைப் பார்த்தேன், மூன்று பத்து. "நிறைய நேரம் இருக்கு, மெதுவா சாப்பிடு" என்றேன். மனைவி சாப்பிடவில்லை. கழுத்தில் கப்பல் அட்டை தொங்க எதிரே ஒரு குடும்பம் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக்கொடுத்த எச்எம்டி கடிகாரம். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். அதற்குத் தாய்லாந்தும் தெரியாது, கோபுரமும் தெரியாது. அதில் நாலு பத்து.

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினோம். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். நாமாகச் சுற்றப் போனால் காத்திருக்க மாட்டார்கள். அறையிலுள்ள பெட்டகத்தைத் திறந்து, பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துக் கரையிலுள்ள ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இதையும் அப்போதே மனைவிக்குச் சொல்லிக்கொண்டு ஓடினேன். "ஓடும்போதாவது பேசாம வாங்க" என்றாள். படகில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அடுத்த பயணத்துக்கு முன்னால் முஸ்தபா கடையில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். எந்த நாட்டில் நின்றாலும் முள்ளைத் தொடுவதில்லை என்று தீர்மானம். அந்தக் கப்பலோ போகிற ஊருக்கு ஏற்றபடி ராத்திரியோடு ராத்திரியாக நேரத்தை மாற்றும் ரகம். கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைத்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கட்டிலில் வைத்திருந்தார்கள். துண்டை மடித்துச் செய்த யானை ஒன்று அந்தச் சீட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. யானையை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன், சீட்டைப் படிக்கவில்லை. காலையில் பூட்டிய உணவகத்தின் முன்னால், சவரம் செய்த முகத்தோடு, வரிசையில் முதல் ஆளாக நின்றேன். வரிசையே நான்தான்.

குக்கர் கதை இனி. என் மனைவி சைவம். கப்பலில் பச்சை இலையைத் தவிர ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள் (நான்தான்). ஆகவே பெட்டிக்குள் சின்ன மின்சாரக் குக்கர், அதற்குள் பொன்னியரிசி, புளிக்காய்ச்சல் டப்பா, மாவடு. பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி ஒன்று, பல பிளக்குகள் செருகும் பலகை ஒன்று. விமானத்துக்குப் போலவே கப்பலுக்கும் பெட்டிகளை எக்ஸ்ரேயில் விடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. சாயங்காலம் எல்லார் வாசலிலும் பெட்டி வந்து நின்றது, எங்கள் பெட்டி மட்டும் வரவில்லை. கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அறைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் மனைவி.

அங்கே ஒரு சின்ன வரிசை. காலுறைக்குள் சாராயப் பாட்டிலை ஒளித்துக் கொண்டுவந்தவர் எனக்கு முன்னால் நின்றார். என் முறை வந்ததும் நேபாளத்துக்காரப் பாதுகாவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். குக்கர் மூடியை இரண்டு விரலால் தூக்கினார். அரிசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாவடு டப்பாவை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாராயக்காரர் போகாமல் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சூடாகும் சாமான் எதையும் அறைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். கடல் நடுவே தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. பிளக் பலகையும் அப்படியே: கப்பலின் மின்னமைப்பு வீட்டில் இருப்பது போன்றதல்ல, மின்னழுத்தத் தடுப்பு உள்ள பலகைகள் அங்கே சூடேறி எரியக்கூடும். மூன்றுக்கும் ரசீது எழுதிக் கொடுத்தார், கடைசி நாள் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அரிசியை மட்டும் திருப்பித் தந்து, "இங்கே சோறு தினமும் போடுகிறார்கள் சார்" என்றார்.

போடத்தான் செய்தார்கள். முதல் இரவே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளிலிருந்து அடுக்களையில் இருக்கும் இந்தியச் சமையல்காரர் கவனித்துக்கொள்வார். மனைவிக்குத் தனியாகப் பருப்பும் சப்பாத்தியும் கத்தரிக்காய்ப் பொரியலும் வந்தன. அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். நான் பஃபேயில், காசு கொடுத்தாகிவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காக, பசியில்லாத நேரங்களிலும் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். கப்பலேறிய முதல் மதியம் எல்லோரும் பஃபேயில் முட்டி மோதும்போது பெரிய உணவகம் பெரும்பாலும் காலியாகத் திறந்திருக்கும் என்பதையும் முட்டி மோதியபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கடலில் கைபேசியை விமானப் பயணமுறையில் வைக்க மறந்து, கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாகத் தொற்றிக்கொண்டு, மருமகனின் காலை வணக்கப் படங்களை எல்லாம் தருவித்த கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. பில் வந்த அன்று வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

பினாங்கில் சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டினேன். ஸ்வெட்டன்ஹம் துறைமுகத்தில் ஏறிய பேருந்து, பத்து நிமிடம்கூட ஓடாமல் ஒரு மணிக்கூண்டின் முன்னால் நின்றது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபதாண்டு நிறைந்ததற்காக ஆண்டுக்கு ஓரடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது என்று வழிகாட்டி சொன்னார். திரும்பிப் பார்த்தால் மணிக்கூண்டுக்குப் பின்னால் எங்கள் கப்பலே நிற்கிறது. அடுத்துக் காட்டிய குட்டி இந்தியாவுக்கும் நடந்தே போயிருக்கலாம்.

ஆபத்துக்கால ஒத்திகை விஷயத்தில் மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அவரவருக்குக் குறித்த இடத்தில் கூடவேண்டும். நான் கப்பலின் தவறான பக்கத்துக்குப் போய் நின்றேன். என் சரியான இடத்தில் என் அறை எண்ணை மறுபடி மறுபடி கூப்பிட்டு, அத்தனை பேரும் வெயிலில் காத்திருந்தார்களாம். சலித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிடவெக்கியாவில் ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன்பிறகுதான், கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று விதி இறுகியது. இதைப் படித்த பிறகு, ஏறியதும் முதலில் அந்த இடத்தைத்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இப்போதும் ஒருமுறை வழி தவறிவிட்டுத்தான்.

கடைசி இரவுக்கும் ஒரு விதி உண்டு. நடுராத்திரிக்குள் பெட்டிகளில் வண்ணச்சீட்டுக் கட்டி நடைபாதையில் வைத்துவிட வேண்டும். காலையில் முனையத்தில்தான் மறுபடி அவற்றைப் பார்க்கலாம். நான் ஒழுங்குக்காரன். அலமாரியில் ஒரு கைக்குட்டை மிச்சமில்லாமல் அடுக்கி, பூட்டி, வெளியே தள்ளிவிட்டுத் திருப்தியாகப் படுத்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆணியில் ஒரு முழுக்கைச் சட்டை தொங்குகிறது, கீழே கறுப்பு ஷூ இருக்கிறது. இடையில் போடுவதற்கு ஒன்றும் இல்லை, இடுப்பில் இருக்கும் கட்டம் போட்ட கைலியைத் தவிர. கப்பலுக்குள் இருக்கும் கடையில் ஏதாவது வாங்கலாம் என்று ஓடினேன். துறைமுகத்தில் நிற்கும்போது தீர்வையில்லாக் கடைகளைத் திறக்க மாட்டார்கள். மனைவி தன் சால்வையை நீட்டி, "மேலே சுத்திக்கிறீங்களா?" என்றாள். உதவி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முழுக்கைச் சட்டை, கைலி, பளபளக்கும் ஷூவோடு இறங்கினேன். குடிநுழைவில் கவலையில்லை, இயந்திரம் முகத்தை மட்டும்தான் பார்த்தது. பெட்டி எடுக்கும் கூடத்தில் மனைவி இன்னொரு குடும்பத்தோடு பேசியபடியே தூரமாக நடக்கத் தொடங்கினாள். ஒரு மலாய்க்காரப் பெரியவர் மட்டும் என்னருகில் நின்று, நல்ல சாரோங், எங்கே வாங்கியது என்று கேட்டார். ஈரோடு என்றேன்.

அடுத்த முறை ஜாக்கிரதையாக ஒரு பேண்ட்டை நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டினேன். பெல்ட் பெட்டியோடு போய்விட்டது. பஃபேயில் தின்ற தீனிக்கு அது இல்லாமலே பேண்ட் இடுப்பில் நின்றது.