ஒண்ணுமே தெரியலையே, சார்!

பிளாஸ்மா டி.வி. வாங்கப் போகும்போது துணைக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். அதன் கோளாறுகளைப் படித்துக் கரைத்துக் குடித்தவரை மட்டும் கூட்டிப் போகக் கூடாது. என் மச்சினன் அந்த ரகம். 2010 தீபாவளி நேரம். மற்றவர்கள் விலையை விசாரித்துக்கொண்டிருக்க, இவன் பென் டிரைவை நீட்டினான்.

பாட்டு வரப்போகிறது என்று விற்பனைப் பையன் ஆவலாகச் செருகினான். திரை முழுக்கச் சாம்பல் நிறம் வந்தது. அவ்வளவுதான்.

"ஒண்ணுமே தெரியலையே, சார்!"

"தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா வாங்க மாட்டோம்."

பிளாஸ்மாவின் பூர்வ கதை சாம்பலில்தான் தெரியும். உள்ளே லட்சக்கணக்கான நுண்ணறைகள். அவற்றில் நியான், செனான் வாயுக்கள். மின்சாரம் பாய்ந்தால் புற ஊதாக் கதிர் கிளம்பி, அறைச் சுவரில் பூசிய பாஸ்பரை ஒளிரச் செய்யும். ஒரே படத்தை ஓயாமல் காட்டினால் அந்த இடத்துப் பாஸ்பர் மட்டும் சீக்கிரம் கிழடுதட்டிவிடும். அப்புறம் எந்தச் சேனல் வைத்தாலும் பழைய சேனலின் முத்திரை மூலையில் ஆவியாக நிற்கும்.

இந்த டி.வி.யில் நின்றது கடையின் சொந்த ஆவி. நாள் பூராவும் ஓடவிட்ட விளம்பரத்தின் எழுத்து, சாம்பலுக்கு நடுவே மங்கலாக: 'சிறப்புத் தள்ளுபடி'.

"அப்போ தள்ளுபடி நிரந்தரம்தானே?" என்றான் மச்சினன்.

பையன் வாய் பேசாமல் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தான். அதிலும் சாம்பல். அதற்குள் எங்களுக்குப் பின்னால் சின்னக் கூட்டம். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "ஸ்கோர் என்ன?" என்றார்.

அடுத்து கறுப்பு. பிளாஸ்மாவின் பெருமையே கறுப்புதான். ஆனால் கடையின் டியூப் லைட் அதன் கண்ணாடியில் அடித்தால் கறுப்பு வெளுத்துவிடும், பக்கத்திலேயே எல்.சி.டி. பளீரென்று பல்லைக் காட்டும். ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் டியூப் லைட்டுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. பானாசோனிக் 2013 கடைசியில் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. மறு வருஷம் சாம்சங்கும் எல்ஜியும் கையைக் கழுவின.

"லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?"

மேனேஜர் ஓடி வந்தார். "தீபாவளிக் கூட்டம் சார்! அணைச்சா, திரும்பப் போடறதுக்குள்ள செல்போன் செக்‌ஷனே காணாமப் போயிடும்."

கடைசியில் காலி அட்டைப்பெட்டியை விரித்து, திரைக்கு மேல் கூரையாக நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சினன் உள்ளே தலையை விட்டு இருட்டைப் பார்த்துவிட்டு, "பரவால்ல அத்தான்" என்றான். அப்படியே செட்டின் முதுகில் காதை வைத்து ரீங்காரம் கேட்கிறதா என்று பார்த்தான்.

அடுத்து ஒரு டி.வி.டி. எடுத்தான். 'அந்த நாள்', 1954, கறுப்பு வெள்ளை. பச்சைப் பாஸ்பர் அணைய நீலத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகும். இருட்டில் வெளுப்பாக எது ஓடினாலும் ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு வால் முளைக்கும். வண்ணப் படத்தில் இது அவ்வளவாகக் கண்ணில் படாது; நிழலும் வெளிச்சமுமாக எடுத்த இந்தப் படத்தில் தப்பவே முடியாது. எடுத்த எடுப்பில் சிவாஜியைச் சுட்டார்கள். மச்சினன் சிவாஜியைப் பார்க்கவில்லை. சட்டை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது பாட்டு சீன் வைங்க சார்" என்று பையன் கெஞ்சினான்.

"இந்தப் படத்துல பாட்டே கிடையாது தம்பி."

ஒருவழியாக டி.வி. வீட்டுக்கு வந்தது. படுக்கப் போடாமல், நிற்க வைத்தே கொண்டுவந்தோம். அதுவும் மச்சினன் உத்தரவு. அம்மா சீரியலுக்குத் தயாராக உட்கார்ந்தாள். "வேண்டாம் அத்தை. முதல் நூறு மணி நேரம் பாஸ்பர் பச்சைக் குழந்தை. வில்லி திரும்பினா மூணு தடவை முகத்தை நிறுத்திக் காட்டுவாங்க, அது தாங்காது" என்று பென் டிரைவைச் செருகினான். திரை முழுக்கச் சிவப்பு, கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை, பிறகு நீலம்.

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. நடுவுல ஒரு விளம்பரம்கூட வரலை."