இடுப்பில் கட்டிய கோள்சொல்லி

மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரம், மணி காட்டுவது போக மிச்ச நேரமெல்லாம் என்னை வேவு பார்க்கிறது. எத்தனை அடி நடந்தேன், எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று கணக்கு வைக்கிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் எழுந்து நிற்கச் சொல்கிறது. நானும் நின்றுவிடுவேன், கல்யாணமானவனுக்கு இதெல்லாம் பழக்கம்தானே. ஒரு நாள் சின்ன வெங்காயம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, இதயத் துடிப்பு சீராக இல்லை என்று ஒரு செய்தி வந்தது. வெங்காயக்காரர் சொன்ன விலைக்கு யாருக்குத்தான் சீராக இருக்கும்?

செய்தி வீட்டம்மா காதுக்குப் போனது. அன்று மாலையே டாக்டர்.

அவர் முதலில் மூன்று விரலால் நாடி பிடித்தார். எங்கள் தாத்தா காலத்து சித்த வைத்தியரும் இப்படித்தான் மூன்று விரல் வைப்பார். வாத நாடி அன்னம் மாதிரி நடக்கும், பித்த நாடி ஆமை மாதிரி, கப நாடி தவளை மாதிரி என்பார். என் கையில் எது ஓடுகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள். பத்து விநாடிப் படம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இது எப்பவும் இருக்காது சார். வரும், போகும்" என்றார் டாக்டர். நம் தெருவில் நாளெல்லாம் மினுக்கிக்கொண்டிருக்கும் டியூப்லைட், லைன்மேன் ஏணியைச் சாத்தியதும் பளிச்சென்று எரியுமே, அந்த ஜாதி. இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிஷத்துக்கு 300-க்கு மேல் வெறுமனே நடுங்கும். நாடி தாளம் கெட்டு அடிக்கும். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கான வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய 5 மடங்காம். இதைக் கேட்டதும் என் நாடி எந்தப் பிராணியின் நடையில் ஓடியது என்று சொல்லவேண்டியதில்லை.

கடிகாரத்தையும் முழுசாக நம்ப முடியாதாம். அது தோலுக்குள் பச்சை வெளிச்சம் அடித்து, ரத்தம் ஏறி இறங்குவதை வைத்து ஊகிக்கிறது. அமெரிக்காவில் 4,19,297 பேர் கையில் கடிகாரத்தைக் கட்டிச் சோதித்தார்கள். எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம். அவர்களில் பிறகு நெஞ்சில் பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேரிடம்தான் ஃபிப்ரிலேஷன் சிக்கியது. மற்றவர்களுக்கு இல்லவே இல்லையா, அந்த வாரம் தலைகாட்டவில்லையா என்பது அவரவர் இதயத்துக்கே வெளிச்சம்.

ஆகவே எனக்கு ஹோல்ட்டர். 24 மணி நேரமும் ஈ.சி.ஜி. பதியும் பெட்டி. நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் 1940-களில் இதை முதலில் செய்தபோது எடை சுமார் 38 கிலோ, முதுகில் சுமக்கவேண்டும். இப்போது தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிசு. முன்னேற்றம்தான். ஆனால் நெஞ்சு முடியை மட்டும் இன்னும் பிளேடால்தான் மழிக்கிறார்கள். அந்தத் தம்பி அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டம் வட்டமாக மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, ஒட்டிகளைப் பதித்து, ஒயர்களை மாட்டி, "குளிக்கக் கூடாது சார்" என்றான். திண்டுக்கல்லில், சித்திரை மாசத்தில்!

வியர்வையில் ஒட்டி ஒவ்வொன்றாக நழுவ, சட்டைக்குள் கையை விட்டு அழுத்திக்கொண்டே திரிந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்ன பெரியவரே, போனுக்கு சார்ஜ் போடுறீங்களா?" என்றார். ஒயர் நுனியைப் பார்த்த தெருநாய் ஒன்று என் பின்னாலேயே வந்தது. படபடப்பு வந்தால் அமுக்கச் சொன்ன பட்டனை அப்போது ஒரு தரம் அமுக்கினேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு டைரி கொடுத்திருந்தார்கள், அதுதான் வினை. எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று எழுதவேண்டுமாம். வீட்டம்மா படிப்பாளே என்று கொஞ்சம் கௌரவமாகவே எழுதினேன். 'மாலை 5 முதல் 6 வரை: மலைக்கோட்டையைச் சுற்றி வேக நடை.'

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரையும் டைரியையும் மாறி மாறிப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு வேகமா நடந்தீங்களா? துடிப்பு 56-தானே இருக்கு? அது நல்லா அசந்து தூங்குறவங்களுக்கு வர்றதாச்சே."

நாகல் நகரில் என் சிநேகிதருக்குப் பூட்டுப் பட்டறை. அரம் சாவியை ராவுகிற சத்தம் ஒரே சீராக வரும். பித்தளைத் தூள் மணக்கும் பெஞ்சில் சாய்ந்தால் கண் தானாகச் சொருகும். வீட்டில் எனக்கு அதற்குப் பெயர்தான் வாக்கிங்.

"தினமும் வேர்த்து விறுவிறுக்க வருவாரே டாக்டர்!" என்றாள் வீட்டம்மா. பட்டறையில் ஃபேன் கிடையாது என்பதை நான் விளக்கவில்லை.

நாய் துரத்தியபோதுகூட துடிப்பு வேகமாக, ஆனால் சீராகவே ஓடியிருக்கிறது. "ஃபிப்ரிலேஷன் சிக்கலை. அதுக்காக இல்லைன்னும் சொல்ல முடியாது. 14 நாள் ஒட்டி வைக்கிற பட்டை இருக்கு, பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

"அதைவிட ரொம்ப நாளைக்கு வர்றது ஏதாச்சும் இருக்கா டாக்டர்?"

"தோலுக்கு அடியில வைக்கிற சின்னக் கருவி இருக்கும்மா. மூணு வருஷம் வரைக்கும் பதியும். அதெல்லாம் இவருக்கு இப்போ தேவையில்லை."

வீட்டம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கும் டைரி குடுப்பீங்களா?"